முத்திரை மேல் முத்திரை



திருப்பணி நடந்த பழைய கோயில்களில் கல்வெட்டு படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு சங்கடம் பழக்கமானது. மெய்க்கீர்த்தியின் தொடக்கம் வடக்குச் சுவரில் இருக்கும். அடுத்த வரி படிக்கட்டில் தலைகீழாகக் கிடக்கும். கல் பொய் சொல்வதில்லை. கொத்தனார் இடம் மாற்றி வைத்திருப்பார், அவ்வளவுதான். ராணுவப் பட்டறையில் பழுதுபார்த்து வெளிவந்த பழைய துப்பாக்கியும் இப்படித்தான். உடல் ஒரு ஊரில் பிறந்திருக்கும். குழல் பத்து ஆண்டு கழித்து வேறொரு ஊரில் மாட்டப்பட்டிருக்கும். போல்ட்டும் கட்டையும் வேறு இரண்டு துப்பாக்கிகளுடையவையாக இருக்கும். இவற்றில் எது எப்போது வந்தது என்று சொல்ல முத்திரைகளே சாட்சி.

துப்பாக்கி முத்திரைகளைப் படிக்கும் கருத்தரங்கு கலவை போன்ற ஊரில் எதற்கு என்று கேட்பது நியாயம். வேலூருக்கு அருகில் கம்மவான்பேட்டை இருக்கிறது; வீட்டுக்கு வீடு படைவீரர் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே அதற்குப் பெயர். இன்னொரு பக்கம் ராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் தோலால் வாழும் ஊர்கள். படையும் தோலும் இந்த வட்டாரத்தில் சந்தித்துக்கொள்வது புதிதும் அல்ல. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்ததற்குப் புதிய தலைப்பாகையில் தைத்த தோல் குஞ்சமும் ஒரு காரணம்.

காவல் நிலையங்களில் ‘திரீ நாட் திரீ’ என்று அழைக்கப்பட்ட துப்பாக்கி எல்லோருக்கும் தெரிந்ததுதான். லீ என்ஃபீல்டு வகையைச் சேர்ந்த அதன் மார்க் 3 வடிவம் 1907-இல் பிரிட்டிஷ் படைக்கு வந்தது. இந்தியாவில் அதைச் செய்தது வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை. கட்டை வந்து சேரும் இரும்புக் கழுத்தில்தான் அதன் ஜாதகம் இருக்கிறது: மேலே கிரீடம், கீழே எழுத்துகள், தொழிற்சாலைப் பெயர், ஆண்டு. ஜார்ஜ் மன்னர் காலத்தில் இங்கிலாந்தில் செய்ததில் ‘ஜி.ஆர்.’ என்று மட்டும் இருக்கும். இஷாப்பூரில் செய்ததில் ‘ஜி.ஆர்.ஐ.’ என்றிருக்கும். கூடுதலாக வந்த அந்த ஓர் எழுத்து, ஜார்ஜ் மன்னர் இந்தியாவுக்குச் சக்கரவர்த்தியும்கூட என்பதைச் சொல்வது. குடியரசான பிறகு கிரீடம் போய் அசோகச் சிங்கங்கள் வந்தன, ‘ஆர்.எஃப்.ஐ.’ என்ற சுருக்கமும் வந்தது.

பழுதுபார்ப்புக்குத் தனி முத்திரை உண்டு. பிரிட்டனில் முழுமையாகப் பிரித்துச் சரிசெய்ததற்கு ‘எஃப்.டி.ஆர்.’, இந்தியாவில் ‘எஃப்.ஆர்.’, பக்கத்தில் ஆண்டு. பிறந்த ஆண்டையும் பழுதுபார்த்த ஆண்டையும் குழப்பிக்கொள்வதுதான் புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் முதல் தவறு. பழைய எண்ணின் மேல் கோடு கிழித்துப் புது எண் அடித்திருந்தால் அது மோசடி அல்ல. பட்டறையின் ஒழுங்கான கணக்கு.

ஸ்னைப்பர் துப்பாக்கிக்கு வரும்போது விஷயம் சிக்கலாகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தின் நம்பர் 4 மார்க் 1 (டி) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்து, குறி தப்பாதவற்றைத் தனியே பொறுக்கி எடுத்து, லண்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். 1942 முதல் அங்கே இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை மாற்றப்பட்டன. உடலின் இடப்பக்கம் இரண்டு இரும்புத் தாங்கிகள், கட்டையின் மேல் கன்னம் பதிக்க ஒரு மரத்துண்டு, மேலே நம்பர் 32 தொலைநோக்கி. அந்தத் தொலைநோக்கி முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைக்கப்பட்டது.

கட்டையின் அடிப்பக்கத்தில் ‘எஸ் 51’ என்று பொடியாக அடித்திருக்கும். குண்டுவீச்சுக்குப் பயந்து தொழிற்சாலைகளின் பெயரை மறைக்க வந்த குறியீடு அது. ‘எஸ்’ என்றால் தென்பகுதி. ‘எம் 47 சி’ என்றால் நடுப்பகுதியில், பர்மிங்காம் பக்கத்து பி.எஸ்.ஏ. ஆலை. துப்பாக்கியின் எண் தொலைநோக்கியின் பிடியிலும், தொலைநோக்கியின் எண் கட்டையின் கழுத்து மரத்திலும் அடிக்கப்பட்டன. ஜோடி பிரியக் கூடாது. பிரிந்தால் குறி தவறும்.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர் சந்தையில் ஜோடி சேர்ந்த துப்பாக்கிக்கு விலை பல மடங்கு. ஆகவே சாதாரண துப்பாக்கியில் ‘டி’ என்று ஓர் எழுத்தை அடித்துவிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். உருப்பெருக்கியைப் பிடித்துப் பார்த்தால் பல சமயம் குட்டு உடைந்துவிடும். எழுத்தின் பள்ளத்துக்குள் பழைய கறுப்புப் பூச்சு இறங்கியிருக்கிறதா, பூச்சை உடைத்துக்கொண்டு இரும்பு பளிச்சிடுகிறதா? ‘எஸ் 51’ உண்டா? தாங்கியின் திருகுகள் காலத்துக்குப் பொருந்துகின்றனவா? ஒரு முத்திரையை வைத்து யாரும் தீர்ப்பு எழுத முடியாது.

இந்த வட்டாரத்தின் அறிவு பயன்படும் இடம் இனிமேல்தான் வருகிறது. சாதாரண வீரனின் துப்பாக்கிக்குப் பருத்தி நாடாவார். பிரிட்டிஷ் ஸ்னைப்பருக்கோ பெரும்பாலும் அமெரிக்காவின் 1907 வடிவத் தோல்வார். அதை மேற்கையில் இறுக்கிக்கொண்டால் குழல் ஆடாது. தொலைநோக்கியின் கண்ணாடி மூடிகளும் தோல். ஆயுத நூல்கள் இரும்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. தோலை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன.

டேனரியில் பத்து ஆண்டு நின்றவர் வாரின் வெட்டு விளிம்பைப் பார்த்தே சொல்லிவிடுவார். பட்டையில் பதனிட்ட தோல் உள்ளே வரை பழுப்பாக இருக்கும். குரோமில் பதனிட்டு ‘வெட் புளூ’வாக வந்த தோலின் நடுவில், மேலே என்ன சாயம் பூசினாலும், நீலம் கலந்த சாம்பல் கோடு பெரும்பாலும் தெரியும். 1907 வார் பட்டைத் தோலில் செய்யப்பட்டது. ஆகவே நீலக்கோடு தெரிகிற ‘அசல்’ வாரை நம்புவது கடினம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட சென்னை மாகாணத்து ‘ஈஸ்ட் இந்தியா’ (ஈ.ஐ.) தோல், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களின் பூட்ஸுக்குப் பெருமளவில் போனது. அந்தத் தோலின் வாசனையும் விறைப்பும் தெரிந்த கைகள் இன்னும் இங்கே இருக்கின்றன. இரும்பைப் படிக்கத் தெரிந்தவரும் தோலைப் படிக்கத் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதே இந்தத் தலைமை உரையின் வேண்டுகோள்.

நடைமுறை ஒன்றும் சொல்லியாக வேண்டும். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கும் நாட்டில் ராணுவத் துப்பாக்கியை வீட்டில் வைத்து ஆராய வழியில்லை. ஆய்வுக்கு இடம் அருங்காட்சியகங்களும் காவல்துறைக் கிடங்குகளுமே. சென்னை எழும்பூரில் 2021-இல் திறக்கப்பட்ட காவல்துறை அருங்காட்சியகம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடு திரீ நாட் திரீக்கு விடைகொடுத்தது. கழிக்கப்பட்டவை உலைக்குப் போவதற்கு முன் ஒவ்வொன்றின் கழுத்தும் குழலும் போல்ட்டும் கட்டையும் வாரும் படமெடுத்துப் பதியப்பட வேண்டும். அதற்கான பதிவுப் படிவத்தை இந்த அவை இரண்டு நாளில் வகுக்க முடியும். தோலுக்கு அதில் தனிக் கட்டம் வேண்டும்.

முதல் அமர்வின் மேசையில் மூன்று வார்த்துண்டுகள் எண் மட்டும் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. எது பட்டை, எது குரோம் என்று துப்பாக்கி ஆய்வாளர்கள் முதலில் எழுதித் தர வேண்டும். டேனரிக்காரர்கள் அதன் பிறகு பேசுவார்கள். கருத்தரங்கு தொடங்குகிறது.