பழைய லாரியைப் பேணும் முறை
(விவசாயிகள் கூட்டமொன்றில் நிகழ்த்திய பிரசங்கம்)



மரவள்ளிக் கிழங்கை ஆலைக்குக் கொண்டுசெல்லும் பொருட்டு நீங்கள் பலர் கூடிப் பழைய லாரி ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். அதை நம் கையாலேயே பேணிக் காப்பது எவ்வாறு என்பது பற்றிச் சில வார்த்தைகள் கூறும்படி என்னைக் கேட்டுக்கொண்டீர்கள். நான் யந்திர சாஸ்திரம் பயின்ற பண்டிதன் அல்லன். நாமக்கல் பக்கத்தில் முப்பது ஆண்டுக் காலம் லாரி ஓட்டியும், அதன் அடியில் படுத்துப் பழுது பார்த்தும் கற்றதையே சொல்லப் போகிறேன்.

நம் முன்னோர் மாட்டு வண்டியை எவ்வாறு நடத்தினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த மையை அச்சில் இடாமல் வண்டி கட்டமாட்டார்கள். கடையாணியைத் தொட்டுப் பாராமல் புறப்படமாட்டார்கள். அந்த வழக்கத்தை லாரிக்கும் கொண்டு வருவோமானால் பாதி வேலை முடிந்தது. லாரி ஒருநாளும் திடீரென்று கெட்டுப்போவதில்லை. ஒழுகியும், புகைந்தும், முனகியும் முன்னதாகவே நமக்கு அறிவிக்கிறது. அதைக் கவனியாதவனுக்குத்தான் நடுவழியில் நின்றுவிடுகிறது.

பழைய வண்டியில் நமக்கு ஒரு சௌகரியமும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் புதிய லாரிகளில் புகையைக் கட்டுப்படுத்தும் பொருட்டு மின்னணுக் கருவிகள் பல அமைந்துள்ளன. அவற்றின் கோளாறை அறியக் கம்ப்யூட்டர் வேண்டும். உங்கள் வண்டியிலோ டீசலைச் செலுத்தும் பம்பு முழுதும் யந்திர முறையில் இயங்குவது. கண்ணும் காதும் கையும் உடையவன் அதன் வியாதியில் பெரும்பகுதியைத் தானே அறிந்துகொள்ளலாம்.

முதலாவது, காலையில் அரைமணி நேரம். வண்டி சமதரையில் நிற்க, யந்திரம் குளிர்ந்திருக்கையில், எண்ணெய் அளக்கும் கம்பியை உருவித் துடைத்து மறுபடி இட்டுப் பாருங்கள். எண்ணெய் இரண்டு குறிகளுக்கு இடையே நிற்க வேண்டும். குறைந்தால் யந்திரத்திற்குக் கேடு. மேற்குறிக்கு மேலே ஊற்றுவதும் கேடே. எண்ணெய் மோர் போல் வெளுத்திருந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அறிந்து, யந்திரத்தைக் கிளப்பாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

அடுத்து ரேடியேட்டர். குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும். யந்திரம் கொதித்து நிற்கையில் மூடியைத் திறப்பவன் முகத்தில் வெந்நீரும் ஆவியும் பீறிட்டு அடிக்கும். என் வலக்கையில் உள்ள வடு அவ்வாறு வந்ததே. கொதித்த யந்திரத்தில் உடனே குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் இரும்பு வெடித்துப்போகவும் கூடும்; ஆறும்வரை பொறுத்திருப்பதே லாபம். பேன் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் அமுங்க வேண்டும். அதிகம் தளர்ந்திருந்தால் காற்றாடி சரியாகச் சுழலாது, யந்திரம் கொதிக்கும்.

இரண்டாவது, டீசல். டீசல் யந்திரத்திற்குத் தீப்பொறி வேண்டுவதில்லை. காற்றை மிகுதியாக அழுத்துவதால் எழும் வெப்பத்திலேயே எண்ணெய் எரிகிறது. ஆகையால் அதற்கு வேண்டுவன சுத்தமான காற்றும் சுத்தமான டீசலுமே. நம் செம்மண் பாதையின் புழுதி காற்று வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். வடிகட்டி அடைத்தால் கரும்புகை வரும், இழுவை குறையும், டீசல் செலவு ஏறும். டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரை வாரந்தோறும் வடித்துவிடுங்கள்.

டாங்க்கு வறண்டு குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால் வண்டி கிளம்பாது. இதைத்தான் ஏர் லாக் என்கிறோம். இதற்கு மெக்கானிக் தேவையில்லை. டாங்க்கில் டீசல் ஊற்றி, வடிகட்டியின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரையும் குமிழியும் வரும். குமிழியின்றி டீசல் மட்டும் வரும்போது திருகை இறுக்குங்கள். பிறகு பெரிய பம்பின் மேலுள்ள திருகிலும் அவ்வாறே செய்யுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை: யந்திரம் சுழலும்போது இன்ஜெக்டர் குழாயில் கசிவு தேடிக் கையை வைக்கலாகாது. அங்கே பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். சிறு முள் குத்தியது போலத் தோன்றினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டிய காயம் அது.

மூன்றாவதாக நான் கூறப்போவதே இப்பிரசங்கத்தில் முக்கியமானது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால மாலையில், ராசிபுரத்திற்குச் செல்லும் வழியில், என் லாரியின் பின்பக்கப் பட்டை ஒன்று முறிந்தது. பாதை ஓரத்தில் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினோம். கிளீனர் பையன் அடியில் நுழைந்தான். எனக்கு அவசரம். ஆயினும் எனக்குத் தொழில் கற்பித்த பெரியவர் ஜாக்கியை நம்பி அடியில் போனதற்காக ஒருமுறை என்னை அடித்திருக்கிறார். அந்த அடியை நினைத்துக்கொண்டு, வண்டியில் கிடந்த புளியங்கட்டைகளை ஆக்ஸிலின் கீழ் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினேன். கால் மணி நேரத்தில் ஈரமண் இளகி ஜாக்கி சாய்ந்தது. வண்டி நான்கு விரல் இறங்கிக் கட்டையின்மேல் உட்கார்ந்தது. பையன் வெளியே ஊர்ந்து வந்தான். நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசவில்லை.

ஆகையால் இந்த விதியை வண்டியின் கதவிலேயே எழுதி வையுங்கள்: ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு அன்று. தூக்குமுன் மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியின் கீழே அகன்ற பலகை இடுங்கள். தூக்கிய பின் இரும்புத் தாங்கியோ கெட்டியான மரக்கட்டை அடுக்கோ வைத்து, வண்டியை அதன்மேல் இறக்கிய பிறகே அடியில் செல்லுங்கள். செங்கல்லும் கருங்கல்லும் உதவா. பாரம் ஏறினால் நொறுங்கும் அல்லது நழுவும்.

டயரிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். பழைய லாரிகளின் டிஸ்க்கில் டயரைப் பிடித்து நிறுத்துவது தனியான ஒரு லாக் ரிங். காற்று நிரம்பியிருக்கையில் அது தெறித்தால் எதிரில் நிற்பவன் பிழைப்பது அரிது. சக்கரத்தைக் கழற்றுமுன் காற்றை முழுதும் இறக்கிவிடுங்கள். ரிங்கைக் கழற்றி மாட்டுவதும் காற்று அடைப்பதும், இரும்புக் கூண்டு வைத்திருக்கும் பஞ்சர் கடைக்காரர் வேலை; அதை வீட்டில் செய்ய வேண்டாம். சக்கரத்து நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்குங்கள். சிறிது தூரம் ஓடிய பின் மறுபடியும் இறுக்குங்கள். சில பழைய வண்டிகளில் இடப்பக்கத்து நட்டுகள் எதிர்த்திசையில் கழல்வன. அதை அறியாமல், கழற்றுவதாக எண்ணி மேலும் இறுக்கிப் போல்ட்டை முறித்தவர் பலர்.

நான்காவது, பிரேக். காற்றுப் பிரேக் உள்ள வண்டியில், காற்று டாங்க்கின் அடியில் தேங்கும் தண்ணீரை நாள்தோறும் வடித்துவிட வேண்டும். இல்லையேல் வால்வுகள் துருவேறிக் கெடும். காலையில் கேஜ் முள் உரிய இடத்திற்கு ஏறும்வரை வண்டியை நகர்த்தலாகாது. யந்திரத்தை நிறுத்திப் பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி முள்ளைப் பாருங்கள். அது மளமளவென்று இறங்கினாலும், காதில் ‘உஸ்’ என்ற சத்தம் கேட்டாலும் அன்று வண்டி புறப்பட வேண்டாம். லைனிங் மாற்றுவதையும் ஸ்டியரிங் வேலையையும் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். டிரம்மிலுள்ள தூசியை ஊதித் தள்ளவும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அதன் தூசி நுரையீரலைக் கெடுப்பது. நம் கை எங்கே நிற்க வேண்டும் என்று அறிவதும் கைத்திறனே ஆகும்.

கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அதில் கிழங்குப் பாரத்துடன் இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க எண்ணிச் சிலர் கியரை நியூட்ரலில் விடுகிறார்கள். அப்பொழுது பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழுகிறது. டிரம் காய்ந்து, லைனிங் பிடிப்பை இழந்து, மிதித்தும் வண்டி நில்லாது. தாழ்ந்த கியரில் இறங்குங்கள். யந்திரமே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பதிவுச் சான்றில் குறித்த எடைக்கு மேல் ஏற்றாமல் இருப்பதே எல்லாப் பழுதுபார்ப்பிலும் மலிவானது.

எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும் என்பதை அறிவீர்கள். அதற்கு முந்தின வாரத்தில் மட்டும் வண்டியைத் துடைத்து வர்ணம் பூசுவதால் பயனில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எண்ணெய் மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், கிரீஸ் அடித்த நாள், டிரைவர் கேட்ட புதிய சத்தம் ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். மாற்றிய பழைய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாமல் டின்னில் சேர்த்து, கழிவு எண்ணெய் வாங்குவோரிடம் கொடுங்கள். நம் குடிநீரும் நம்முடையதே அன்றோ?

சகோதரர்களே, கருவிப்பெட்டி வாங்குவதற்குப் பணம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னீர்கள். முதலில் வாங்க வேண்டியது பளபளப்பான ஸ்பேனர் அன்று. முதிர்ந்த புளிய மரத்தில் அறுத்த கட்டைகள் எட்டு வாங்கி, வண்டியிலேயே போட்டு வையுங்கள். அன்று என் வண்டியின் அடியிலிருந்து ஊர்ந்து வந்த பையன் இப்போது சொந்தமாக லாரி வைத்துப் பிழைக்கிறார். அவர் வண்டியிலும் அத்தகைய கட்டைகள் எப்போதும் கிடக்கின்றன.