நோயாளி எழுந்து போன நாள்



இந்த அறக்கட்டளை யாருடைய நினைவாக நிறுவப்பட்டிருக்கிறதோ, அந்தப் பேராசிரியரிடம் நான் மூன்று ஆண்டுகள் மேற்பார்வை பெற்றேன். வாரம் ஒரு மணி நேரம். நோயாளி பேசியதை நினைவிலிருந்து எழுதிக்கொண்டு போய் வாசிப்பேன். மெச்சுவார் என்று எதிர்பார்ப்பேன். முதல் மாதம் முழுக்க அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அவர் இதைச் சொன்னப்போ நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?" ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "கடிகாரத்தைப் பார்த்தேன் சார்" என்று சொல்லிவிட்டேன். "சரி, இனிமே படிக்க ஆரம்பிக்கலாம்" என்றார்.

உளஇயக்கவியல் சிகிச்சையை எப்படிக் கற்பது என்பதே இன்றைய பொருள். நனவிலி மனம், தற்காப்பு முறைகள், உள்முரண் என்று பாடநூல் தொடங்கும். அதெல்லாம் வேண்டியதுதான், படித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வைத்தியத்தின் கருவிகளில் பெரும்பாலானவற்றை வைத்தியருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நோயாளிகளே. பேச்சே மருந்து என்று பெயர் வைத்தவர், உளப்பகுப்பாய்வை நிறுவிய பிராய்டு அல்லர்; அவருடைய மூத்த சக வைத்தியரான பிராயர் 1880 முதல் 1882 வரை வைத்தியம் பார்த்த, அன்னா ஓ. என்று நாம் அறியும் பெண். கேள்விமேல் கேள்வி கேட்ட பிராய்டிடம், 'இது எங்கிருந்து வந்தது என்று குடையாதீர்கள், சொல்லவந்ததைச் சொல்லவிடுங்கள்' என்று கடிந்துகொண்டவர் எம்மி என்ற இன்னொரு பெண். பிராய்டு அதைக் கேட்டுக்கொண்டார். அந்த இடத்தில் அவரை எனக்குப் பிடிக்கும்.

அவர் கேட்டுக்கொள்ளாத இடமும் ஒன்று உண்டு. 1900 அக்டோபரில் 18 வயதை நெருங்கிய பெண்ணொருத்தியை அவள் தந்தை வியன்னாவில் பிராய்டிடம் கூட்டிவந்தார். டோரா என்று அவளுக்குப் புனைபெயர் வைத்தார் பிராய்டு. ஓயாத இருமல், அடிக்கடி குரல் போய்விடும், சாகப்போவதாக ஒரு கடிதம் எழுதிவைத்திருந்தாள். தந்தையின் நண்பர் கே. என்பவர் ஏரிக்கரையில் தன்னிடம் முறைகேடாகப் பேசினார் என்று அவள் சொன்னபோது அவளுக்கு வயது 15. எல்லாம் அவள் கற்பனை என்றார் தந்தை. தந்தைக்கோ அந்த நண்பரின் மனைவியோடு உறவு இருந்தது. மகள் வாயை அடைக்க ஒரு வைத்தியர் தேவைப்பட்டார்.

பிராய்டு அவள் சொன்னதை நம்பினார். பெரியவர்களில் அவளை நம்பிய முதல் ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும். ஆனால் அதோடு நிற்கவில்லை. நீ உள்ளூர கே.யைக் காதலிக்கிறாய் என்று விடாமல் நிறுவிக்கொண்டே போனார். அவள் மறுத்தால் அந்த மறுப்பையே சான்றாக்கினார். இரண்டு கனவுகளை எடுத்து அவர் அவிழ்த்துக்காட்டும் சாமர்த்தியம் இன்றும் வியக்கவைக்கிறது. அந்தச் சாமர்த்தியத்துக்கு எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள் என்பதைத்தான் அவர் மறந்தார்.

டிசம்பர் 31 அன்று வந்தவள், இன்றோடு சரி என்றாள். எப்போது முடிவெடுத்தாய் என்று கேட்டார். இரண்டு வாரத்துக்கு முன் என்றாள். வேலைக்காரி நோட்டீஸ் கொடுப்பதுபோல் இருக்கிறதே என்றார் பிராய்டு. உடனே அவளுக்கு கே. வீட்டில் அப்படி நோட்டீஸ் கொடுத்த பணிப்பெண் ஒருத்தி நினைவுக்கு வந்தாள். கே. அந்தப் பெண்ணிடமும் அதே வசனத்தைத்தான் பேசியிருந்தார். தன்னையும் வேலைக்காரிபோல் நடத்தினாரே என்ற கொதிப்பு அங்கேதான் வெளிப்பட்டது. கதவு சாத்தப்படும் நேரத்தில் கிடைத்த திறவுகோல்!

1905-இல் வெளியிட்ட அறிக்கையின் பின்னுரையில், தன் தவறு எது என்று பிராய்டே எழுதினார்: டிரான்ஸ்பரன்ஸை உரிய நேரத்தில் கவனிக்கவில்லை. பழைய உறவில் தேங்கிய உணர்வை வைத்தியர்மேல் ஏற்றிவிடுவதே டிரான்ஸ்பரன்ஸ். கே.மேல் இருந்த கோபத்தை டோரா பிராய்டிடம் தீர்த்துக்கொண்டாள். பின்னாளில் அவள் கே. தம்பதியிடம் நேரே போய்க் கேட்டாள். ஏரிக்கரையில் நடந்ததை கே. ஒப்புக்கொண்டார். அதையும் பிராய்டே பதிவுசெய்திருக்கிறார்.

அந்தக் கடிகார விஷயத்துக்கு வருகிறேன். அடையாளங்களை மாற்றியே சொல்கிறேன். மறுவாரம் அந்த நோயாளி பத்து நிமிடம் தாமதமாக வந்தார். பஸ் கிடைக்கவில்லை என்றார். நான் அதை அப்படியே விட்டிருப்பேன்; பேராசிரியரின் கேள்வி காதில் இருந்ததால், "போன வாரம் நான் மணி பார்த்ததைக் கவனிச்சீங்களா?" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தன் அப்பா கடையில் கணக்கு எழுதியபடியே தலைநிமிராமல் 'ம்' கொட்டுவாராம், அதைச் சொன்னார். இடையீடு என்று நாங்கள் சொல்வது இவ்வளவுதான். அப்பாவைப் பற்றி நான் விளக்கவுரை நிகழ்த்தவில்லை. அறைக்குள் நடந்த ஒன்றைத் தொட்டேன், அவ்வளவே. இங்கே, இப்போது, இருவருக்கும் இடையில் சூடாக இருப்பதைச் சிறு சிறு அளவாகத் தொட்டால்தான் மாற்றம் வரும் என்று உளப்பகுப்பாய்வாளர் ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சி 1934-இல் எழுதினார்.

டிரான்ஸ்பரன்ஸைக் கண்டுகொள்வதில் நம் ஊரில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பஸ் கண்டக்டரும் நமக்கு அண்ணன், காய் விற்பவரும் அக்கா. ஆகவே நோயாளி 'அண்ணா' என்றதும் மாணவர் துள்ளிக் குதிக்கக்கூடாது. அது வெறும் பழக்கமாக இருக்கலாம். ஆனால் ஆறு மாதம் 'டாக்டர்' என்றவர் ஒரு நாள் நடுவாக்கியத்தில் 'அண்ணா' என்றால் காதைத் தீட்டிக்கொள்ளவேண்டும்.

வைத்தியரின் மனத்தில் எழுவதும் ஒரு கருவி என்று உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமன் 1950-இல் வாதிட்டார். நல்ல கருத்து, கெட்டுப்போவதும் எளிது. 'எனக்கு எரிச்சல் வந்தது, ஆகவே நோயாளி கோபக்காரர்' என்று குறிப்பெழுதும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். எரிச்சல் காலையில் வீட்டில் நடந்த சண்டையிலிருந்தும் வந்திருக்கலாமே! அதைப் பிரித்தறியத்தான், கற்பவரும் முதலில் நோயாளியின் இருக்கையில் அமரவேண்டும் என்றார்கள். 1920-இல் மாக்ஸ் ஐட்டிங்கோன் முதலானோர் ஏழைகளும் வரும்படி பெர்லினில் திறந்த மருத்துவமனையில்தான் இந்த முறை உருவாகி நிலைத்தது: தனக்கே பகுப்பாய்வு, மேற்பார்வையில் சிகிச்சை, பாடம். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸுக்கு அந்த வசதி இல்லை. பிராய்டோடு கடிதத் தொடர்பு மட்டும் வைத்துக்கொண்டு 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார்.

எனக்கு மிகப் பிடித்த பயிற்சி எஸ்தர் பிக் 1948-இல் லண்டன் டேவிஸ்டாக் நிலையத்தில் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டு போகவேண்டும். பிறந்த குழந்தையையும் தாயையும் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். அங்கே குறிப்பெடுக்கக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது. குழந்தை வீறிட்டு அழும்போது வாய் மூடி இருந்து பாருங்கள். உதவுகிறேன் பேர்வழி என்று நாம் பேசுவதில் எத்தனை பங்கு நம் தவிப்பு என்பது தெரியும்.

அமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். லண்டனில் மைக்கேல் பாலின்ட் 1950-களில் குடும்ப மருத்துவர்களை வாரந்தோறும் கூட்டிவைத்து, தங்களைத் தொல்லைப்படுத்தும் ஒரு நோயாளியைப் பற்றிப் பேசச் சொன்னார். அதற்கு ஒரு வட்டமாக நாற்காலிகள் போதும். இந்தக் கட்டடத்தின் மாடி அறை வியாழக்கிழமை மாலைகளில் பூட்டிக் கிடக்கிறது என்று காவலர் சொன்னார். அறக்கட்டளை வட்டியில் டீச் செலவுக்கு மட்டும் ஒதுக்கினால், எட்டு மருத்துவர்களை நான் அழைத்துவருகிறேன். வருகிற வியாழனே தொடங்கலாம்.