மலைத் தண்ணீர் சேரும் இடம்



ஜூபிலி ஆண்டு உல்லாசப் பயணமாகப் பிச்சாவரம் போகலாம் என்றதும், "கல்வராயன் மலை பக்கத்திலேயே இருக்க, கடற்கரை எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். விழுப்புரத்தோடு இருந்தவரை மரக்காணத்துக் கடலாவது நம் மாவட்டத்துக் கடல். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் அதுவும் போயிற்று!

ஆனால் நம் கோமுகி ஆற்றை நினைத்துப் பாருங்கள். கல்வராயனில் பிறந்து, கச்சிராயபாளையத்தருகே அணையில் தங்கி, மணிமுத்தாற்றோடு கலந்து, வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலைச் சேருகிறது. அந்த முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவில்தான் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. உப்பு நீரில் வளரும் மரங்களானாலும், ஆற்றின் நன்னீர் வந்து கலந்தால்தான் செழிக்கும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, மரங்களுக்குப் பின்னாலிருந்த குப்பங்களில் சேதம் குறைவு என்று பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தார் ஆராய்ந்து எழுதினார்கள். நம் மலைத் தண்ணீருக்கும் அதில் பங்குண்டு.

மலையருவிகளில் நாம் விட்டு வரும் பைகளும் பாட்டில்களும் மழை வெள்ளத்தில் இதே வழியாகத்தான் போகின்றன. மீனவர் வலையில் மீனோடு ஏறுகின்றன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் பொது இல்லம் என்று எழுதியது இதைத்தானே!

ஆகவே படகில் ஏறி, வேர்களுக்கிடையே நண்டும் நாரையும் பார்த்து மகிழ்வோம். புளிசாதம் வாழையிலையிலே கட்டி வரட்டும். ஏரியில் நீந்தப் பழகிய பிள்ளைகளைக் கடலில் தனியே இறங்க விடாதீர்கள். காலைத் திருப்பலி முடிந்ததும் பஸ் புறப்படும்.