பிறர் வீட்டில் வளர்ந்த தலைவர்

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கியவர் ஜெய்பால் சிங் முண்டா. ராஞ்சிப் பகுதியில் டக்ரா பாஹன்டோலி என்ற முண்டா பழங்குடிக் கிராமத்தில் 1903-இல் பிறந்தவர். மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனை ராஞ்சியில் மிஷன் நடத்திய புனித பவுல் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே முதல்வராக இருந்த பாதிரியார் காஸ்கிரேவ், 1918-இல் இங்கிலாந்துக்குத் திரும்பியபோது அவரையும் உடன் அழைத்துப் போனார். வயது பதினைந்து. முண்டாரி மொழியில் பதில் சொல்ல ஒரு வாய்கூட இல்லாத ஊர். காஸ்கிரேவ் அவரை அழைத்துப் போனது தத்து அல்ல. இன்று வளர்ப்புக் குடும்பம் என்று சொல்வதற்கு மிக அருகில் வரும் ஏற்பாடு.

கேன்டர்பரியில் படித்து, ஆக்ஸ்போர்டின் புனித ஜான் கல்லூரிக்குப் போய், ஹாக்கியில் பல்கலைக்கழகத்தின் 'புளூ' மதிப்பைப் பெற்றார். இந்தியக் குடிமைப் பணியான ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்த நேரத்தில் அணித் தலைமை தேடி வந்தது. ஒலிம்பிக்குக்கு விடுப்பு மறுத்தார்கள், விடுப்பில்லாமலே போனார். திரும்பியதும் பயிற்சியை இன்னும் ஓராண்டு நீட்டிக்கச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் எளிதில் எவரும் கைவிடாத பதவியை அவர் விட்டுவிட்டார். ஆம்ஸ்டர்டாமில் இந்தியா 5 ஆட்டங்களில் 29 கோல் போட்டது, ஒன்றுகூட வாங்கவில்லை. இறுதி ஆட்டத்தில் ஜெய்பால் இறங்கவில்லை.

வளர்த்த கைகள் அவருக்கு நிறையவே கொடுத்தன. ஆனால் பிறந்த மண்ணோடு இருந்த உறவு அறுந்திருந்தால் மீதிக் கதை இல்லை. 1939-இல் ஆதிவாசி மகாசபையின் தலைவரானார். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் தம் மக்களுக்காக எழுந்து பேசினார். தனி மாநிலமாக அவர் கேட்ட ஜார்க்கண்ட், அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் கழித்து 2000-இல்தான் அமைந்தது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களுக்கு, பிறர் வீட்டில் வளர்வது அந்நியமான கதை அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் பாறசாலை லண்டன் மிஷனின் மையங்களில் ஒன்று. மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்து முன்னுக்கு வந்த குடும்பங்கள் தென் திருவிதாங்கூர் முழுக்க உண்டு. இதே மாவட்டத்தில் உள்ள ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்குப் பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு வந்தவர்தான் எர்ணாகுளம் கிழக்கம்பலத்தைச் சேர்ந்த, இந்திய ஹாக்கி அணியின் முன்னாள் கோல்கீப்பர் பி.ஆர். ஸ்ரீஜேஷ். கோல்கீப்பர் உடுப்பும் கால்காப்பும் வாங்க அவருடைய அப்பா வீட்டுப் பசுவை விற்றார். ஸ்ரீஜேஷுக்கு விடுமுறையில் திரும்ப ஒரு வீடு இருந்தது. அந்த வீடே இல்லாத பிள்ளைக்குத்தான் சட்டம் தேவைப்படுகிறது.

2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு வளர்ப்புக் குடும்பத்தைப் பற்றியது. குழந்தைகள் நலக் குழுவே பிள்ளையை ஒப்படைக்கிறது. மாதந்தோறும் அந்த வீட்டைப் பார்வையிட வேண்டும். உடன்பிறந்தோரைக் கூடியவரை பிரிக்கக் கூடாது. பிள்ளையின் நலனுக்கு எதிராக இல்லாதவரை பெற்றோர் வந்து பார்க்கலாம். காஸ்கிரேவ் காலத்தில் கடல் கடந்த பிள்ளைக்கு இந்தக் கடைசி வசதி கிடையாது. பட்டத்தோடு சமூகப் பணிக்குப் போகிறவர்களின் மேசைக்கு இத்தகைய கோப்புகள் வரும். இந்த எல்லையில் அவற்றில் ஒன்று தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளையை மலையாள வீட்டில் சேர்ப்பதாக இருக்கலாம். இரவில் பயந்து விழிக்கும்போது அந்தப் பிள்ளை எந்த மொழியில் அம்மாவைக் கூப்பிடும் என்பதும் அந்தக் கோப்பில் எழுதப்பட வேண்டிய விவரம்.