மின்காருக்கு மின்னேறும் வேகம் குன்றினால்



மாட்டுவண்டி வைத்திருந்தோர் இரவில் மாட்டுக்குத் தீனி இட்டுவிட்டு உறங்கச் செல்வர். விடியலில் தீனி பாதி மிஞ்சிக் கிடந்தால் வண்டியைப் பூட்டுமுன் மாட்டின் வாயைத் திறந்து பார்ப்பர். அத்தகைய விடியற்காலைக் கவலையொன்று இப்போது மின்கார் உடையோரைப் பற்றியுள்ளது. இரவு முழுதும் மின்னேற்றியும் கார் நிறையவில்லையே என்பதே அது. யப்பானில் ஓடிப் பழகிய நிசான் லீஃப் கார்கள் முன்னரே இந்நாட்டுக்கு வந்தவை. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டபின் புதியனவும் வரத் தொடங்கின. ஆதலின் இன்று இதுபற்றிச் சில சொல்லலாம் எனக் கருதுகிறேன். யான் கலைப்பட்டதாரி, எனினும் இங்கு வேண்டப்படும் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் மாத்திரமே.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தாற் பெருக்கினால் வலு கிடைக்கும். நம் வீடுகளில் அழுத்தம் 230 வோல்ற்று. 13 அம்பியர் செல்லும் சாதாரண பிளக்கினூடாகக் கார் பெறுவது ஏறத்தாழ 3 கிலோவாற்று. அதாவது ஒரு மணி நேரத்தில் 3 யூனிற். 6 அம்பியரே சென்றால் ஏறத்தாழ 1.4 யூனிற். 40 யூனிற் கொள்ளும் மின்கலம் பாதி நிறைவதற்கு முதல் வேகத்தில் ஓர் இரவு போதும். இரண்டாவது வேகத்தில் மறுநாட் பகலிற் பெரும்பகுதியும் கழிந்துவிடும்.

ஆகவே முதற்கண் செய்யத்தக்கது அளந்து பார்த்தலாம். காரின் திரையில் தோன்றும் “இன்னும் இத்தனை மணி” என்பது ஊகம், அதனை நம்பவேண்டா. வீட்டிலுள்ள பிற கருவிகளை நிறுத்திவிட்டு, வாயிலிலுள்ள மின்மானியின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, கார் மட்டும் ஒரு மணி நேரம் மின்னேறியபின் மீண்டும் குறியுங்கள். குளிரூட்டியை நிறுத்த மனமில்லையெனில் அதன் செலவையும் சேர்த்தே எண்ணுவீர்கள், பயன் இராது.

வேகம் எப்போது குறைகிறது என்பது அடுத்த வினா. தொடக்கம் முதலே குறைவாயின், யாரோ ஓரிடத்தில் அளவைக் குறைத்து வைத்துள்ளனர் எனலாம். காரோடு வரும் வடத்தின் நடுவேயுள்ள பெட்டியில் 6, 8, 10, 13 என அம்பியரைத் தெரியும் பொத்தான் பலவற்றில் உண்டு. காரின் திரையிலும் அத்தகைய வரம்பு இருத்தல் கூடும். பிள்ளைகள் விளையாட்டாக அழுத்திய ஒரு பொத்தானுக்காகக் காரைப் பழுதுபார்க்குமிடத்துக்கு இட்டுச் செல்ல வேண்டியதில்லை. 11 கிலோவாற்று எனக் கூறி விற்கப்பட்ட கார், சிங்கிள் பேஸ் இணைப்புள்ள வீட்டில் அவ்வேகத்தை எக்காலும் எட்டாது. அவ்வளவு மூன்று பேஸ் சேர்ந்தபோது கிடைப்பது. மின்கலம் நிறையும் தறுவாயில் வேகம் தணிவதும் இயல்பே.

மாலையில் குறைந்து நள்ளிரவில் சீராகின்றதெனின் காரணம் பெரும்பாலும் அழுத்தமே. மின்மாற்றியிலிருந்து தொலைவில், கம்பிவரிசையின் கடைக்கோடியில் உள்ள வீடுகளில் விளக்கேற்றும் வேளையில் அழுத்தம் 200 வோல்ற்றுக்கு இறங்கினால், அதே 13 அம்பியர் 2.6 கிலோவாற்றையே தரும். சில கார்கள் அழுத்தம் சரிவதைக் கண்டதும் தாமாகவே ஓட்டத்தையும் குறைத்துக்கொள்ளும். இரவு பத்தரை மணிக்குப்பின் மின்னேற்றினால் இத்தொல்லை பெரிதும் நீங்கும். சுவரில் பொருத்தும் மின்னேற்றிகள் சில, வீட்டின் மொத்தப் பாரத்தை அறிந்து, அடுப்போ வெந்நீர்க் கருவியோ இயங்கும்போது காருக்குக் கொடுப்பதைக் குறைக்கும். 30 அம்பியர் இணைப்பு முழுவதும் சேர்ந்தே 6.9 கிலோவாற்றுத்தானே, அது குறைப்பது பழுதன்று, அதன் கடமை.

தொடக்கத்தில் நன்றாக ஏறி, அரைமணி கழிந்ததும் குன்றுகின்றதா? நேயர்களே, இதனை மாத்திரம் நாளைக்கென ஒத்திப்போடாதீர்கள். இது வெப்பத்தின் அடையாளம்.

எம்முடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் நாள்தோறும் நெடுந்தூரம் காரில் வருபவர். காலையில் மின்கலம் நிறையாமற் போகவே, மின்கலம் முதுமையடைந்துவிட்டது எனத் தரகர் ஒருவர் கூறியதை நம்பி, அடிமாட்டு விலைக்குக் காரை விற்க முடிவுசெய்திருந்தார். விஞ்ஞான ஆசிரியரும் யானும் ஒரு ஞாயிறன்று அவர் வீட்டுக்குச் சென்று மின்மானியைப் பார்த்தோம். முதற் கால்மணியில் ஏறத்தாழ முக்கால் யூனிற், முறையான வேகமே. மின்கலம் தளர்ந்ததெனின் அது விரைவில் நிறைந்து விரைவில் தீருமேயன்றி, ஏறும் வேகம் நடுவழியில் பாதியாகாது. அரைமணிக்குப்பின் வேகம் பாதிக்குங் கீழே வந்தது. ஆளியை அணைத்துவிட்டுப் புறங்கையாற் பிளக்கைத் தொட்டபோது கையை வைத்திருக்க முடியவில்லை. குதையின் ஒரு துளை பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது.

நடந்தது யாதெனில், குதையின் உள்ளே கம்பியை இறுக்கும் திருகாணி தளர்ந்திருந்தது. அத்தளர்ச்சியில் ஓர் ஓமே தடை உண்டாயிற்று என வைத்துக்கொள்ளுங்கள். 13 அம்பியர் செல்லும்போது அச்சிறு புள்ளியில் 169 வாற்று வெப்பம் பிறக்கும். பழைய 100 வாற்றுக் குமிழ் விளக்கைத் தொட்டவர்கள் இதன் பொருளை அறிவர். வெந்நீர்க் கேத்தல் ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடும். காரோ எட்டு மணி நேரம் இடையறாது இழுக்கும். நல்வாய்ப்பாக அவ்வடத்தின் பிளக்கினுள் வெப்பவுணரி இருந்தது. அதுவே ஓட்டத்தைக் குறைத்துக் குறைத்து அவ்வீட்டைக் காத்து வந்தது. அயல்நாட்டுப் பிளக்கை வெட்டியெறிந்து உள்ளூர்ப் பிளக்கைப் பூட்டும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா? உணரி அமைந்த பிளக்கை அவ்வாறு வெட்டினால், காவற்காரனையும் சேர்த்தே வெட்டுகிறோம். சுருட்டியபடி கிடக்கும் நீட்டுவயரும் இவ்வாறே உள்ளுக்குள் வெந்துபோகும். அதனை இப்பணிக்குப் பயன்படுத்தவே கூடாது.

தேர்ந்த மின்சார வேலையாளர் ஒருவர் குதையை மாற்றி, பிரதான பெட்டியிலிருந்து காருக்கென்றே தடித்த கம்பியும் தனி ஆளியும் இட்டுக் கொடுத்தார். அன்றிரவே மணிக்கு 3 யூனிற். விற்பனைப் பேச்சு நின்றது. குதையைத் தாமே திறந்து பார்க்க அவர் விரும்பியதை நாங்கள் தடுத்தோம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இவையெல்லாம் சரியாயிருந்தும் வேகம் குன்றினால், அதே வடத்தை நல்ல இணைப்புள்ள வேறொரு வீட்டுக்குக் கொண்டுசென்று பாருங்கள். அங்கு முழு வேகம் கிடைத்தால் குறை உங்கள் வீட்டு இணைப்பில். அங்கும் கிடைக்காவிடின் வேறொரு வடத்தை இரவல் வாங்கிப் பாருங்கள். அதனாலும் பயனில்லையெனில், ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் கருவி காரினுள்ளேயே இருக்கிறது; அதில் ஒரு பகுதி செயலிழந்திருக்கலாம். அப்போது காரைத் திருத்துமிடத்துக்குக் கொண்டுசெல்லும்பொழுது, நாள், நேரம், தொடக்க இலக்கம், முடிவிலக்கம், எத்தனையாம் நிமிடத்தில் குறைந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதி அங்குள்ளவர் கையிற் கொடுங்கள்.