வாடகை வீடும் நம் சேமிப்பும்



வாடகைக்கு வீடு கேட்டுச் சென்று, சாதியை விசாரித்த பின் கதவு சாத்தப்பட்டவர்கள் இந்த அவையில் பலர் உண்டு. ஆகவே, சொந்தத்தில் வீடு வாங்கி வாடகைக்கு விடவேண்டும் என்னும் வேட்கை நம் இளைஞரிடையே எழுவது இயற்கையே. ஆனால் வேட்கைக்கு முன் கணக்கு வேண்டும்.

40 இலட்ச ரூபாய் வீட்டுக்கு மாத வாடகை 10,000 ரூபாய் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 1,20,000. ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 10,000 போகும். வரிக்கும் பழுதுக்கும் 20,000 போகும். எஞ்சுவது 90,000, அதாவது இரண்டேகால் விழுக்காடு. 30 இலட்சத்தை 8 விழுக்காட்டு வட்டிக்குக் கடன் பெற்றிருந்தால், முதலாண்டு வட்டியே ஏறத்தாழ 2,40,000 ஆகும். மீதியை யார் கட்டுவது?

"சந்தை மீண்டுவிட்டது, விலை ஏறும்" என்பர் தரகர். அமெரிக்காவில் 2006-இல் உச்சம் தொட்ட வீட்டு விலை கால் பங்குக்கு மேல் சரிந்து, 2012-இல்தான் மீளத் தொடங்கியது. இடையில் தவணை கட்ட இயலாமல் வீடிழந்த குடும்பங்கள் பல இலட்சம். எனவே, விற்காத வீடுகள் குறைகின்றனவா, பத்திரப் பதிவுகள் பெருகுகின்றனவா, பூட்டிய வீடுகளில் குடியேறுகின்றனரா, வாடகை உயர்கிறதா என்று நீங்களே பாருங்கள். மீட்சிக்கு இவையே சான்று. தரகர் கூறும் விலை சான்றன்று.

வில்லங்கச் சான்றும் பட்டாவும் பாராமல் முன்பணம் கொடாதீர்கள். பிள்ளைகளின் படிப்புக்கு வைத்த பணத்தைத் தொடாதீர்கள். நாளை வீட்டுக்காரராகும்போது, குடிவருவோரிடம் சாதி கேளாதீர்கள்.