எமக்காகக் காத்திருப்போர்

(பழைய மாணவிகள் சங்கத்தின் திருவருகைக்காலத் தியான நாளில் ஆற்றிய உரை)



நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக்காலம். நவம்பர் 27க்கும் டிசெம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறன்று அது தொடங்குகிறது. திருச்சபையின் புதிய வழிபாட்டு ஆண்டும் அன்றே பிறக்கிறது. குருவானவர் ஊதா நிறத் திருவுடை அணிகிறார்; ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் பாடப்படுவதில்லை. ஆனால் தபசு காலத்தில் நாம் நிறுத்திவைக்கும் அல்லேலூயா இப்போது நிற்பதில்லை. மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு. ஆகவே இது துக்க காலம் அல்ல, எதிர்பார்ப்பின் காலம்.

எமது வீடுகளில் இந்த நாட்கள் எப்படிக் கழிகின்றன? வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறோம். உடுப்புத் தைக்கக் கொடுக்கிறோம். கேக் அடிக்கிறோம். பாலன் குடிலுக்கு வைக்கோல் தேடுகிறோம். வெளிநாடுகளில் வாழ்வோருக்கு அலுவலக விருந்துகள், பரிசுப் பொருட்கள், ஊருக்கு அனுப்பும் பார்சல்கள். இவற்றில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் 24ஆம் திகதி நள்ளிரவுத் திருப்பலிக்கு வந்து அமரும்போது உடல் களைத்துக் கண் சொருகிவிடுகிறது. எவருக்காக இத்தனை ஆயத்தமும் செய்தோமோ, அவர் வரும் வேளையில் விழித்திருக்க எம்மிடம் பலமில்லை.

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்நார்து, கிறிஸ்துவின் மூன்று வருகைகளைப் பற்றித் தமது மறையுரைகளில் பேசியிருக்கிறார். முதலாவது, பெத்லகேமில் நிகழ்ந்தது. இறுதியானது, காலத்தின் முடிவில் நிகழவிருப்பது. இரண்டுக்கும் நடுவில், நாள்தோறும் சத்தமின்றி எம்மிடம் வரும் வருகை ஒன்று உண்டு. நாம் தவறவிடக் கூடியது இந்த நடு வருகையைத்தான். பசித்தவரிலும் நோயுற்றவரிலும் தாமே இருப்பதாக ஆண்டவர் சொன்னதை மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அப்படியானால், நாம் ஆண்டவருக்காகக் காத்திருக்கும் இதே நாட்களில் அவரும் எங்கோ எமக்காகக் காத்திருக்கிறார்.

ஆலயத்தில் நாம் ஏற்றும் திருவருகை வளையத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோகான் வீகெர்ன் என்ற லூத்தரன் போதகர், 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். நத்தாருக்கு இன்னும் எத்தனை நாள் என்று காத்திருந்த பிள்ளைகளுக்காகச் செய்த ஏற்பாடு அது. காலப்போக்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் அதை ஏற்றுக்கொண்டது.

சரி, நாம் என்ன செய்ய வேண்டும்? யோர்தான் கரையில் திருமுழுக்கு யோவானிடம் மக்கள் கேட்டதும் இதே கேள்விதான். லூக்கா நற்செய்தியில் அவர் கூறும் பதில் மிகவும் எளிமையானது. இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும். வரி தண்டுவோர் குறித்த அளவுக்கு மேல் வாங்காதிருக்கட்டும். படைவீரர் எவரையும் மிரட்டிப் பறிக்காமல் தமது சம்பளத்தோடு நிறைவடையட்டும். எவரையும் வேலையை விட்டுவிட்டுப் பாலைவனத்துக்கு வரும்படி அவர் சொல்லவில்லை. அவரவர் தொழிலிலேயே வழியைச் செம்மையாக்கச் சொன்னார்.

எமது தொழில்களிலும் எமக்காகக் காத்திருப்போர் உண்டு. விடியமுன் வந்து இலக்கம் எடுத்து, கிளினிக் வாங்கில் மணிக்கணக்கில் இருக்கும் நோயாளி, மருந்துத் துண்டோடு ஒரு ஆறுதல் வார்த்தையையும் எதிர்பார்க்கிறார். வகுப்பின் கடைசி வரிசைப் பிள்ளை தன்னையும் ஆசிரியை பார்க்கமாட்டாரா என்று காத்திருக்கிறது. கந்தோரில் ஒரு கையெழுத்துக்காக மூன்றாம் முறை பஸ் ஏறி வருபவரும் காத்திருக்கிறார்.

வீட்டிலும் அப்படியே. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேர்ணிலும் இருக்க, தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனியே இருக்கும் அம்மாமார் எத்தனை பேர்! சீதனக் காணியால் முறிந்த உறவில், முதல் வார்த்தையை மற்றவள் பேசட்டும் என்று ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் சகோதரிகள் எத்தனை பேர்!

போர் முடிந்து இத்தனை ஆண்டுகளான பின்னும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார் எமது மண்ணில் இருக்கிறார்கள். காத்திருத்தல் என்ற சொல்லை அவர்கள் முன்னால் இலகுவாகச் சொல்ல எம்மால் முடியாது. அவர்களுக்கு எமது புத்திமதி தேவையில்லை. பக்கத்தில் இருந்து, பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவர்கள் கதைப்பதைக் கேட்க ஓர் ஆள் தேவை. அன்னை மரியாள் கர்ப்பவதியாய் மலைநாட்டுக்கு விரைந்து சென்று, எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். கூட இருத்தல்தான் அவர் செய்த பெரிய ஆயத்தம்.

ஆகவே, நூற்றாண்டு காணும் எமது சங்கத்தின் சார்பில் ஒரு சிறிய முயற்சியை முன்வைக்கிறோம். நான்கு ஞாயிறுகள்; நான்கு பேர். முதல் வாரத்தில், எமது குரலுக்காகக் காத்திருக்கும் ஒரு முதியவரோடு அவசரமின்றிக் கதைப்போம். ஓய்வுபெற்ற எமது ஆசிரியை ஒருவராக அவர் இருந்தால் மிக நன்று. இரண்டாம் வாரத்தில், ஒரு மனக்கசப்பை நாமே முதலில் தீர்க்கச் செல்வோம். அதன் பின் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவோம். மூன்றாம் வாரத்தில், தொழிலில் நாம் கடன்பட்டிருக்கும் ஒருவருக்கு அதை நிறைவேற்றுவோம். நான்காம் வாரத்தில், வெறுமையான கதிரை ஒன்று உள்ள வீட்டுக்குச் சென்று சற்று நேரம் இருந்துவிட்டு வருவோம்.

இதற்குக் கத்தோலிக்கராய் இருக்க வேண்டியதில்லை. இதே மழைக்காலத்தில், திருவெம்பாவைக்காக விடியமுன் எழும்பும் எமது சைவத் தோழியருக்கு விழித்திருத்தல் புதிதல்ல. ஒரே வகுப்பறையில் இருந்தவர்கள் நாம். இந்தப் பணியிலும் ஒன்றாகவே இருப்போம்.

கேக் சற்றுப் பிந்தினாலும் பரவாயில்லை. காத்திருக்கும் அந்த நால்வரையும் பிந்தவிடாதிருப்போம். பிறக்கவிருக்கும் பாலன் உங்கள் ஒவ்வொருவரின் இல்லத்தையும் ஆசீர்வதிப்பாராக.